முகம் பார்க்கும் ஜன்னல்

கண்ணாடி விற்பவர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளக்கூடும். கட்டடம் கட்டித் தருகிற எஞ்சினீயர் நண்பர்கள், "கதை எழுதுகிறவருக்கு இந்த வம்பு எதற்கு?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் என் நாவல்களில் பாதிக் காரியங்கள் ஜன்னலோரத்தில்தான் நடந்திருக்கின்றன. கல்யாணங்கள் நிச்சயமானதும் அங்கேதான், முறிந்ததும் அங்கேதான். நாற்பது வருஷம் ஜன்னலை வைத்துப் பிழைத்தவனுக்கு அதைப் பற்றி நாலு வார்த்தை பேசப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

இப்போது கட்டுகிற வீடுகளில் ஒருவிதக் கண்ணாடி வைக்கிறார்கள். பார்வைக்குத் தெரியாத உலோகப் பூச்சு அதன்மேல் இருக்கிறது. அது வெயிலின் சூட்டை உள்ளே விடாதாம், மின்சாரம் மிச்சமாகுமாம், பூமியும் பிழைத்துப் போகுமாம். சென்னையிலும் பெங்களூரிலும் கம்பெனிக் கட்டடங்களை மூடி நின்ற அந்தக் கண்ணாடி, இப்போது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் குடும்பம் நடத்துகிற வீடுகளுக்குள் வந்துவிட்டது. அது நமக்கு வேண்டாத சரக்கு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். சொல்லுவதற்கு எனக்கு ஒரு காரணம் நேர்ந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காளுக்கு வயது எழுபத்து நாலு. ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய ஓட்டு வீட்டில் ஐம்பது வருஷம் இருந்தாள். அந்த வீட்டின் தெரு ஜன்னலுக்கு நாலு கதவுகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. பகலில் கீழ்க் கதவுகளைச் சாத்தி, மேல் கதவுகளைத் திறந்து வைப்பாள். தெருவில் போகிறவர்களுக்குக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் தெரியமாட்டார்கள். காற்று மட்டும் வரும். சாயங்காலம் நாலும் திறந்துவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காள் நிற்பாள். கீரைக்காரி, தபால்காரர், கோவிலுக்குப் போகும் கிழவிகள் எல்லாரும் அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு நிமிஷம் நின்று போவார்கள். அத்தான் காலமான பிறகு அக்காளுக்கு வாழ்க்கை என்று மிச்சமிருந்ததில் பெரும்பங்கு அந்த மூன்றடி அகல ஜன்னல்தான்.

அவள் மகன், என் மருமகன், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எஞ்சினீயர். நல்ல பிள்ளை, தாயைத் தனியாக விடக்கூடாது என்று நினைத்தவன். ராஜபாளையத்தின் மேற்கு ஓரத்தில், மலை தெரிகிற இடத்தில் வீடு கட்டித் தாயை அழைத்துக்கொண்டு போனான். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அக்காளுக்கு அது வேறு தேசமாகிவிட்டது.

கிரகப்பிரவேசத்துக்கு நானும் போயிருந்தேன். கூடத்தில் தெருவைப் பார்த்து, தரையிலிருந்து மேலே வரைக்கும் ஒரே கண்ணாடி. திறக்காது. மற்ற ஜன்னல்களில் மூன்றில் ஒரு பங்குதான் திறக்கும். சன்ஷேடு ஒன்றுகூட இல்லை. "இந்தக் கண்ணாடி இருந்தா சன்ஷேடு எதுக்கு மாமா? முகப்புதான் கெட்டுப்போகும்" என்றான் மருமகன். உள்ளேயிருந்து பார்த்தால் மலையும் தெருவும் லேசான நீல நிறத்தில் படம்போலத் தெரிந்தன. வெளியே போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் எதுவுமே தெரியவில்லை. மலையும் என் முகமுமே தெரிந்தன. "வெளிநாடு மாதிரி இருக்கிறதப்பா" என்று பாராட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. அன்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

அக்காள்தான் சொன்னாள். "உள்ளே இருந்தா எல்லாரையும் பாக்கலாம் தம்பி. என்னைத்தான் ஒருத்தருக்கும் தெரியலை."

கிழவி ஏதோ பழக்கமில்லாமல் பேசுகிறாள் என்று சிரித்தோம்.

போன ஆனி மாதம் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த சமயம், அக்காள் கூடத்தில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. கழுத்தில் ஒரு சின்ன டெலிபோனைக் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தான் மகன், ஆபத்துக்கு உதவட்டும் என்று. மூன்று தடவை பொத்தானை அழுத்தினாள். லைன் கிடைக்கவில்லை. அந்தக் கூடத்தில் எப்போதுமே கிடைக்காது. யாரோடாவது பேச வேண்டுமானால் அக்காள் வாசலுக்குப் போவாள். அதையும் நாங்கள் ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தோம்.

நாலு மணிக்குப் பூக்காரி வந்தாள். அவள் தினமும் வருகிறவள்தான். அக்காள் தரையில் கிடந்தபடி அவளைப் பார்க்கிறாள், பத்தடி தூரம். கூப்பிட்டாள், கத்தினாள். பூக்காரி கண்ணாடிக்கு எதிரே வந்து நின்றாள். அக்காளுக்கு உயிர் வந்தது. பூக்காரி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கலைந்த முன்மயிரை ஒதுக்கினாள். பொட்டைச் சரி செய்தாள். கூடையிலிருந்து ஒரு துண்டுக் கதம்பத்தைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வாசல் மணியை ஒரு தடவை அடித்தாள். கதவு திறக்காததால் போய்விட்டாள்.

ஆண்டாள் கோவிலுக்குப் போனவர்களுக்குக் கண்ணாடிக் கிணறு தெரியும். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக்கொண்டு, அழகு பொருந்தியிருக்கிறதா என்று கோதை தன் நிழலைப் பார்த்த கிணறு என்பார்கள். சிறு வயதில் அக்காளும் நானும் கையைக் கோத்துக்கொண்டு அதற்குள் எட்டிப் பார்த்திருக்கிறோம். பூக்காரி பூச்சூடி முகம் பார்த்த கதையை அக்காள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னபோது, எங்கள் இருவருக்குமே அந்தக் கிணறு ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

மருமகள் வீடு திரும்பியது ஐந்தே முக்காலுக்கு. இரண்டே முக்கால் மணி நேரம் அக்காள் தரையில் கிடந்தாள்.

மதுரையில் ஆபரேஷன் நடந்த அன்று, வராந்தாவில் என் மருமகனிடம் நான் கடுமையாகப் பேசிவிட்டேன். அவன் பொறுமையாகத்தான் பதில் சொன்னான். "மாமா, அம்மா விழுந்ததுக்குக் கண்ணாடி என்ன செய்யும்? ஓட்டு வீட்டிலேயும் வழுக்கத்தான் செய்யும். நல்ல கண்ணாடின்னு எல்லாரும் சொல்லித்தான் காசைக் கொட்டிப் போட்டேன். கரண்ட் மிச்சமாகும்னு சொன்னாங்க."

அவன் சொன்னது நியாயமாகவே இருந்தது. ஆகவே ஊருக்குத் திரும்பியதும், கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கண்ணாடியைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகு கோபம் குறையவில்லை. ஆனால் அது மருமகனை விட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இந்தக் கண்ணாடி பிறந்த இடம் குளிர் தேசங்கள். 1973-ல் எண்ணெய் விலை ஒரேயடியாக ஏறியபோது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளும் செலவு பெரும்பாடாகிவிட்டது. அடுப்பின் சூடு ஜன்னல் வழியாக ஒழுகிப் போவதைத் தடுக்க வழி தேடினார்கள். எந்தப் பொருளும் சூடேறினால் அந்தச் சூட்டைக் கதிராக வீசும். முழுக் கருப்பான பொருள் 100 பங்கு வீசினால், சாதாரணக் கண்ணாடி 84 பங்கு வீசுகிறது. அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு ஒன்றைக் கொடுத்தால் வீசுவது 5 பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பூச்சின் கனம் தலைமயிரின் கனத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளி காற்றுப் பட்டால் கறுக்கும். ஆகவே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பூச்சு இருக்கும்படி வைத்து, ஓரத்தைப் பசையால் அடைத்துவிடுகிறார்கள். 1980-களில் இது அந்த நாட்டுக் கடைகளுக்கு வந்தது. பிற்பாடு வெயிலின் சூட்டையும் திருப்பி அனுப்பும்படி பூச்சை மாற்றி, நம்மைப் போன்ற வெப்ப தேசங்களுக்கும் அனுப்பினார்கள்.

கெட்டிக்காரத்தனமான வேலை, சந்தேகமில்லை. கனடாவில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. உள்ளே 20 டிகிரி. இடைவெளி 40 டிகிரி. அந்த இடைவெளியைக் காவல் காக்க ஜன்னலுக்கு வெள்ளிக் கவசம் போடுவது புத்திசாலித்தனம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காளுடைய பழைய வீட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த இடைவெளி எவ்வளவு? ஜன்னல் திறந்திருந்த வீடு. காற்று வந்து போய்க்கொண்டிருந்த வீடு. இரண்டு மூன்று டிகிரி இருந்தால் அதிகம். அங்கே காவல் காப்பதற்கு என்ன இருக்கிறது?

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இந்தக் கண்ணாடி மிச்சப்படுத்துவது, ஏ.சி. போட்டு மூடிய வீட்டின் மின்சாரத்தை. ஜன்னலைத் திறந்துவிட்டால் வெள்ளிப் பூச்சுக்கு வேலை இல்லை. திறந்த இடத்தில் கண்ணாடியே இல்லையே! ஆகவே அதை வாங்கியவன், வாங்கிய காசு வீணாகக்கூடாது என்று ஜன்னலை மூடுகிறான். மூடினால் புழுங்குகிறது. புழுங்கினால் ஏ.சி. வாங்குகிறான். ஏ.சி. வாங்கியதும், "பார்த்தீர்களா, இந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவு மின்சாரம் ஆகியிருக்கும்!" என்று கணக்குக் காட்டுகிறார்கள். நோயையும் மருந்தையும் ஒரே கடையில் விற்று, மருந்தின் விலையில் தள்ளுபடி கொடுக்கிற வியாபாரம் இது.

கணக்கையே பார்ப்போம். ஒரு சாதாரண சீலிங் ஃபேன் ஒரு மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட்டில் பதின்மூன்றில் ஒரு பங்குதான் செலவு. ஒன்றரை டன் ஏ.சி. இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் அதே நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல், ஒன்றரை யூனிட் வரைக்கும் தின்றுவிடும். அந்த மின்சாரத்தில் பதினைந்து ஃபேன்களாவது சுற்றும். தமிழ்நாட்டு அரசு 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு அக்காளுடைய பழைய வீட்டுக்குப் பல தடவை மின்சாரக் கட்டணமே வந்ததில்லை. வந்தாலும் அது பூக்காரிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. புது வீட்டில் மூன்று ஏ.சி. இயந்திரங்கள். பூஜ்யத்திலிருந்து எதைக் கழித்து மிச்சம் காட்டப் போகிறார்கள்?

"அதெல்லாம் சரி, நேர் வெயிலைத் தடுக்கிறதே!" என்று கேட்பீர்கள். தடுக்கிறது; மறுக்கவில்லை. நேர் வெயிலின் சூட்டில் சாதாரணக் கண்ணாடி நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் உள்ளே விடும். நல்ல பூச்சுக் கண்ணாடி முப்பது பங்கோ அதற்கும் குறைவாகவோ விடும். ஆனால் நம் ஊரில் வெயில் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ராஜபாளையத்தில் ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும்போது, உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேலே நிற்கிறது. ஆவணியில் இன்னொரு தடவை அப்படி நிற்கிறது. நடுவே வடக்கில் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மார்கழியில் தெற்கே மிகவும் இறங்கும்போதுகூட நண்பகலில் 57 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் நிற்கிற சூரியனுக்கு ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு போதும். வடக்கு ஜன்னலிலும் தெற்கு ஜன்னலிலும் உச்சி வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது. தாழ்ந்து வருகிற காலை வெயிலையும் மாலை வெயிலையும் மட்டும் சன்ஷேடு தடுக்காது. அதற்கு மேற்கே ஒரு வேப்பமரம், ஒரு மூங்கில் தட்டி, அல்லது சாத்துகிற மரக்கதவு. இவையெல்லாம் வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன.

பாக்கி வெயில் எங்கே போகிறது? தலைக்கு மேலே நிற்கிற சூரியன் மொட்டைமாடியைத்தான் காய்ச்சுகிறது. என் மருமகனின் புது வீட்டில் கான்கிரீட் தளத்தின்மேல் தட்டோடு இல்லை. ஒரு கை சுண்ணாம்பு வெள்ளைகூட இல்லை. ஜன்னல்களுக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்கு அங்கே போயிருந்தால் வீடு குளிர்ந்திருக்கும். பகலெல்லாம் சூட்டைக் குடித்த தளமும் சுவரும் ராத்திரி அதை உள்ளே கக்குகின்றன. அப்போது வெளியே மலைக்காற்று வீசிக்கொண்டிருக்கிறது. திறக்காத ஜன்னல் அதை உள்ளே விடாது; வெள்ளிப் பூச்சோ உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது. கனடாவுக்காகக் கண்டுபிடித்த வேலையை அது ராஜபாளையத்திலும் விசுவாசமாகச் செய்கிறது!

டெலிபோன் விஷயத்துக்கு வருகிறேன். நாலு பக்கமும் உலோகம் பூசினால் வீடு ஒரு தகரப் பெட்டிதான். கைபேசி அலைகள் இந்தப் பூச்சைத் தாண்டி வரும்போது நூறில் ஒரு பங்காக, சில கண்ணாடிகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகின்றன. கோபுரம் பக்கத்தில் இருந்தால் தெரியாது. ஊர் ஓரத்தில், மலையடிவாரத்தில், ஏற்கெனவே மெலிந்து வருகிற அலைக்கு இதுவே போதும். ஐரோப்பாவில் ரயில் பெட்டிகளின் ஜன்னல்களுக்கு இதே மாதிரிப் பூச்சைப் போட்டார்கள். உள்ளே இருப்பவர்களால் டெலிபோனில் பேச முடியவில்லை. இப்போது பல ரயில்களில் அந்தப் பூச்சின்மேல் லேசரால் நுண்ணிய கோடுகள் கீறி அலைகளுக்கு வழி விடுகிறார்கள். அங்கே ரயில் பிரயாணிக்குக் கிடைத்த கவனிப்பு, இங்கே ஒரு கிழவிக்குக் கிடைக்கவில்லை. விற்றவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

அயல்வீட்டுக்காரரை நினைத்தீர்களா? தடுக்கப்பட்ட வெயிலில் ஒரு பகுதி கண்ணாடியிலேயே தங்குகிறது. மறு பகுதி பட்ட இடத்திலிருந்து திரும்பி எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறது. 2013-ல் லண்டன் ஃபென்சர்ச் தெருவில் ஒரு கண்ணாடிக் கட்டடம், உட்குழிந்த அதன் முகப்பினால் வெயிலைக் குவித்து, கீழே நின்ற மோட்டார் காரின் பாகங்களை உருக்கிவிட்டது. அது ராட்சதக் கட்டடம் என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் சாதாரண வீடுகளிலேயே, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள காற்றின் அழுத்தம் மாறி, கண்ணாடி சற்றே உட்குழிந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் போர்த்திய பிளாஸ்டிக் பலகைகளை உருக்கியிருக்கிறது. ராஜபாளையத்தில் சுவர் உருகாது, செங்கல்தான். ஆனால் மாலை நாலரை மணிக்கு எதிர்வீட்டுக்காரர் தம் வாசலில் நாற்காலி போட முடியவில்லை. அவரும் அதே கண்ணாடியைப் போடப் போகிறார் என்று கேள்வி. அப்புறம் இரண்டு வீடுகளும் வெயிலை ஒன்றின்மேல் ஒன்று எறிந்து விளையாட வேண்டியதுதான். நடுவே தெருவில் நடக்கிறவன் வறுபடுவான்.

பறவைகளுக்கும் இந்தத் தந்திரம் புரியாது. மலையும் மரமும் கண்ணாடியில் தெரிந்தால் அவை மலை என்றும் மரம் என்றும் நம்பிப் பறந்து வருகின்றன. அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 36 கோடிக்கும் 99 கோடிக்கும் இடையில் பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. பூச்சில்லாத கண்ணாடியிலும் மோதத்தான் செய்யும். கண்ணாடியை முகம் பார்க்கும் கண்ணாடியாக்கினால் ஏமாற்றம் இன்னும் முழுமையாகிறது. நம் மேற்கு மலை, 1988-லிருந்து சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அந்த வனத்தின் எல்லையிலே அதன் பொய்ப் படத்தைத் தெருத்தெருவாகத் தொங்கவிடுகிறோம். அக்காள் விழுந்த அந்தக் கண்ணாடிக்கு அடியில், செடிகளுக்கு நடுவே, ஒரு கொண்டைக்குருவி செத்துக் கிடந்ததை நானே பார்த்தேன்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூடத்தில் பகல் பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு நான் பத்திரிகை படித்தேன். ரிப்பேரைப் பற்றியும் ஒரே வார்த்தை. படுக்கையறை ஜன்னலில் ஓரத்துப் பசை விட்டுப்போய், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் படர்ந்துவிட்டது. உள்ளேயிருந்தும் துடைக்க முடியாது. வெளியேயிருந்தும் துடைக்க முடியாது. பதம் ஏற்றிய கண்ணாடியை அறுத்து அளவு செய்யவும் முடியாது. முழுதாக வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். மூன்று மாதமாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பழைய வீட்டின் மரக்கதவில் கீல் கழன்றால் தெருக்கோடித் தச்சர் அரைமணியில் மாட்டிவிட்டுப் போவார்.

நான் பழமையைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் என்று யாராவது சொல்லுமுன், நம் சர்க்காரே எழுதி வைத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எரிசக்தியை மிச்சப்படுத்துவதற்கென்றே மத்திய அரசின் பணியகம் 2018-ல் குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று பெயர். வெப்பமும் ஈரமும் உள்ள பிரதேசங்களில் வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் திறக்கக்கூடிய ஜன்னலும் கதவும் இருக்க வேண்டும் என்கிறது அது. 'திறக்கக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் இன்ன அளவுக்குக் குறையக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. கண்ணாடி விற்கிறவர்கள் எரிசக்தி என்ற வார்த்தையை மட்டும் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, ஆறில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

இந்தக் கண்ணாடிக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறை, மருந்துக் கிடங்கு, பகலெல்லாம் மூடியே இருக்க வேண்டிய கம்பெனிக் கட்டடம் ஆகிய இடங்களில் தாராளமாக இருக்கட்டும். வேறு வழியில்லாமல் மேற்கு வெயிலில் நிற்கிற நகரத்து அடுக்குமாடி அறையில்கூட இருக்கட்டும். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா மில் தொடங்கிய ஊர் ராஜபாளையம். அந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: நூற்கும் கூடத்தில் காற்று உலர்ந்தால் இழை அறுந்துபோகும், அதற்காக ஜன்னலைச் சாத்தி, ஈரத்தை அளந்து, இயந்திரத்தால் காற்றை விடுகிறார்கள். என் மருமகன் இருபது வருஷமாக அந்த வேலையைத்தான் பார்க்கிறான். வீடு கட்டும்போதும் அதே புத்தி அவனுக்கு வந்துவிட்டது. நூல் யாரையும் கூப்பிடுவதில்லை. தெருவில் போகிறவர் யார் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. மனுஷிக்கு அது வேண்டியிருக்கிறது. இதை அவனிடமே சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு ஜன்னல் இன்னும் இருக்கா மாமா?" என்று கேட்டான்.

இருந்தது. வீட்டை வாங்கியவர் இடித்துக் கட்டுவதற்காகக் கழற்றிப் பின்பக்கம் சாத்தி வைத்திருந்தார். விறகு விலைக்குக் கொடுத்தார். கூடத்துக் கண்ணாடியில் ஒரு பாதியை எடுத்துவிட்டு, செங்கல் வைத்து, அந்த நாலு கதவு ஜன்னலை மாட்டி, மேலே இரண்டடிக்கு ஒரு சன்ஷேடும் இறக்கியிருக்கிறான். வீட்டு முகப்பு பார்க்கச் சகிக்கவில்லை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். மாடித் தளத்துக்கும் வெள்ளை அடித்தாகிவிட்டது. மிச்சமிருக்கிற கண்ணாடியை அடுத்த வருஷம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். காசு சேர வேண்டுமே!

அக்காள் இப்போது நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். முன்போல நெடுநேரம் நிற்க முடியாது. ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். போன வாரம் நான் போயிருந்தபோது பூக்காரி வந்தாள். கம்பி வழியாகப் பூவைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னாள்: "உள்ளே ஆள் கெடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்யா? அன்னையிலேருந்து இந்த வீட்டுக் கண்ணாடியிலே நான் மூஞ்சி பாக்கிறதில்லே."

புது வீடு கட்டப் போகிற வாசகர்கள் எஞ்சினீயரிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேட்டால் போதும். ஜன்னலில் எவ்வளவு திறக்கும்? மழையிலும் திறந்து வைக்க மேலே சன்ஷேடு உண்டா? உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் தெருவில் போகிறவருக்குத் தெரியுமா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால், அப்புறம் எந்தக் கண்ணாடி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.